திரையில் ஏன் ஒன்றும் வரவில்லை? – அசெம்பிள் கணினி வாங்கும் குடும்பங்களுக்கு

சென்ற ஆண்டு ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து, மதரஸாவின் கணினி அறையைப் பூட்டிக்கொண்டிருந்தோம். மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பாய் தம் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பைக்கின் முன்னால் ஒரு கேபினெட். பின்னால் அமர்ந்திருந்த மகனின் மடியில் மூன்று அட்டைப் பெட்டிகள்.

"ஹஜ்ரத், ஃபேன் சுத்துது, லைட் எரியுது, திரையில மட்டும் ஒண்ணும் வரல. பிராசசர் கெட்டுப்போயிருக்கும்னு தம்பி சொல்றான். வித்தவங்க பெட்டியைப் பிரிச்சாச்சுன்னு திருப்பி எடுக்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

பாய் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுபவர். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல். வீட்டில் சீட்டு எடுத்த பணம் 38,000 ரூபாய் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். யூடியூபில் பத்துப் பதினைந்து வீடியோ பார்த்து, ஒவ்வொரு பொருளையும் விலை குறைந்த இடமாகத் தேடி வாங்கியவர் அவர்தான்.

பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தோம். ரைசன் 5 5600 பிராசசர், புதியது. தெரிந்தவரிடம் பழையதாக வாங்கிய பி450 மதர்போர்டு. 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று. 500 ஜிபி எஸ்எஸ்டி. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ். எந்தப் பொருளும் கெட்டுப்போகவில்லை. தனித்தனியே எடுத்தால் எல்லாமே ஓடக்கூடியவை. ஆனால் இவற்றை மட்டும் ஒன்றாகப் பூட்டினால் திரையில் எதுவும் வராது. வரவும் வாய்ப்பில்லை.

காரணம் இரண்டு. முதலாவது, ரைசன் 5 5600 பிராசசருக்குள் திரைக்குப் படம் அனுப்பும் பகுதியே கிடையாது. அதற்குத் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும், இவர் வாங்கவில்லை. இரண்டாவது, பி450 போர்டு 2018-ல் வந்தது, 5600 பிராசசரோ 2022-ல் வந்தது. போர்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருள் பழையதாகவே இருந்தால், பின்னால் வந்த இந்தப் பிராசசரை அதற்கு அடையாளம் தெரியாது. ஒரு குறையை மற்றொன்று மறைத்துக்கொண்டதால்தான், எதனால் ஓடவில்லை என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

நாம் பொறியியல் படித்தவர்கள் அல்லர். மதரஸாவில் ஓதி, பிறகு கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றவர்கள். மாணவர்களுக்குக் கணினி வகுப்பு வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது, பணம் குறைவாக இருந்ததால் ஆறு கணினிகளை உதிரிகளாக வாங்கி நாமே பூட்டினோம். முதல் கணினிக்கு வாங்கிய போர்டு, வாங்கிய கேபினெட்டுக்குள் நுழையவே இல்லை. அந்தக் கேபினெட் இன்றும் அலமாரிக்கு மேல் சும்மா கிடக்கிறது. அன்றிலிருந்து மஹல்லாவில் யார் கணினி வாங்கினாலும் பட்டியலை ஒருமுறை நம்மிடம் காட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் வாய்மொழியாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அசெம்பிள் செய்யத்தான் வேண்டுமா?

இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கிறதென்றால் லேப்டாப்தான் சரி; இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம். வீட்டில் டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, தமிழில் தட்டச்சு என்ற அளவுதான் வேலை என்றால், அலுவலகங்களில் ஓடிக் கழிந்து, சரிபார்க்கப்பட்டு விற்பனைக்கு வரும் பழைய கணினி ஒன்று பாதி விலையில் கிடைக்கும். அதில் ஒரு கவனம் வேண்டும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெலில் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். "ஐ5 சார், சூப்பரா ஓடும்" என்று 4-ஆம் தலைமுறைக் கணினியைத் தருவார்கள். ஐ5 என்பது மட்டும் போதாது. அதற்கு அடுத்து வரும் எண்தான் தலைமுறை. ஐ5-4570 என்றால் 4-ஆம் தலைமுறை. ஐ5-8400 என்றால் 8. ஐ5-12400 என்றால் 12.

வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட், நிரலாக்கம், கட்டட வரைபடம் என்று படிப்போ தொழிலோ இருந்து, இன்றைக்குக் குறைவாகப் போட்டு நாளை கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் அசெம்பிள் கணினி உண்மையில் இலாபம்.

பிராசசரின் பெயரில் கடைசி எழுத்து

பட்டியல் போடும்போது முதலில் முடிவாக வேண்டியது பிராசசர். மற்ற எல்லாவற்றையும் அதுதான் இழுத்துக்கொண்டு வரும். அதன் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில் பல ஆயிரம் ரூபாய் அடங்கியிருக்கிறது.

இன்டெலில் ஐ3-12100, ஐ5-12400 என்று எண்ணோடு முடிந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் என்று 'எஃப்' சேர்ந்தால் இல்லை. விலை சற்றுக் குறைவாக இருப்பதால் 'எஃப்' உள்ளதையே கை தேடிப் போகும். கிராபிக்ஸ் கார்டு எப்படியும் வாங்கப் போகிறவருக்கு அது சரியான தேர்வு. வாங்காதவருக்கு அது வெறும் உலோகத் துண்டு.

ஏஎம்டியில் கணக்கு நேர்மாறாக இருக்கும். ஏஎம்4 என்ற சாக்கெட்டில் வரும் ரைசன்களில் 'ஜி' எழுத்து இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. 5600ஜி-யில் உண்டு, 5600-ல் இல்லை, 5600எக்ஸ்-லும் இல்லை. நம் தம்பி தவறவிட்டது இந்த ஓர் எழுத்தைத்தான். அதற்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டில் ஏஎம்டி முறையை மாற்றிவிட்டது. அங்கே 7600 போன்ற சாதாரண ரைசனிலும் திரைக்குப் படம் அனுப்பும் அளவுக்குச் சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. 7500எஃப், 8400எஃப் என்று 'எஃப்' போட்டவற்றில் மட்டும் இல்லை. ஒரே நிறுவனம், இரண்டு வழக்கம். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இன்டெலில் 'கே' எழுத்து இருந்தால், அது வேகத்தை மேலும் ஏற்ற விரும்புவோருக்கானது. பெட்டிக்குள் விசிறியும் வராது. குறைந்த பணத்தில் வாங்குபவருக்குத் தேவையில்லை.

சாக்கெட்டும் போர்டும்

பிராசசர் உட்காரும் இடம் சாக்கெட். பிராசசருக்கு ஒரு சாக்கெட்டும் போர்டுக்கு வேறொரு சாக்கெட்டும் என்று வாங்கிவிட்டால் அங்கேயே கதை முடிந்தது. இன்டெலின் 10, 11-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1200. 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1700. அதன்பின் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851. ஏஎம்டியில் ரைசன் 1000 முதல் 5000 வரை ஏஎம்4, 7000-லிருந்து ஏஎம்5.

சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருந்தாலே பொருந்திவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. இன்டெலின் 6, 7-ஆம் தலைமுறைகளும் எல்ஜிஏ1151, 8, 9-ஆம் தலைமுறைகளும் எல்ஜிஏ1151. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 8-ஆம் தலைமுறைப் பிராசசர் 300 வரிசைப் போர்டில்தான் ஓடும். அதற்கு முந்தைய 100, 200 வரிசைப் போர்டில் ஓடாது. பழைய பொருள் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடங்களில் இது ஒன்று. விற்பவரே தெரியாமல் சொல்லியிருக்கவும் கூடும். எல்லாரையும் மோசடிக்காரர் என்று நினைக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரே மருந்து, போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போவதுதான். போர்டின் மாடல் எண்ணைக் கொடுத்தால், அதில் எந்தெந்தப் பிராசசர் ஓடும் என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு பிராசசருக்கும் நேராக, பயாஸின் எந்தப் பதிப்பு முதல் அது ஓடும் என்றும் எழுதியிருப்பார்கள். அந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் படிப்பதில்லை. எச்610, பி660 போர்டுகள் 12-ஆம் தலைமுறையோடு வந்தவை. 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசரைப் போட வேண்டுமென்றால் அவற்றிலும் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். கடையில் வாங்கினால், "இந்தப் பிராசசருக்கு பயாஸ் ஏற்றி, ஓட்டிக் காட்டித் தாருங்கள்" என்று கேட்டுவிடுங்கள். சில போர்டுகளில் பிராசசர் இல்லாமலேயே பென்டிரைவ் வழியாக பயாஸ் ஏற்றுவதற்குத் தனிப் பொத்தான் இருக்கும். அப்படிப்பட்ட போர்டு கிடைத்தால் நல்லது.

பழைய போர்டு வாங்கினால் இன்னொன்றையும் பாருங்கள். இன்டெல் எல்ஜிஏ போர்டுகளிலும் ஏஎம்5-லும் மெல்லிய பின்கள் போர்டில் இருக்கும். ஏஎம்4-ல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். செல்போன் டார்ச்சை அடித்துச் சாய்வாகப் பார்த்தால் வளைந்த பின் தனியாகத் தெரியும். தெரிந்தால் வாங்க வேண்டாம். ஏஎம்4 கணினியில் விசிறியைக் கழற்றும்போது நேராக மேலே இழுத்தால், பசை ஒட்டிப் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். சற்று நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, விசிறியை இடமும் வலமுமாக லேசாகத் திருகிய பிறகே எடுக்க வேண்டும். இதை நாம் ஒரு பிராசசரைப் பலி கொடுத்துக் கற்றோம்.

ரேம்

ஏஎம்4-க்கு டிடிஆர்4. ஏஎம்5-க்கும் எல்ஜிஏ1851-க்கும் டிடிஆர்5. குழப்பம் எல்ஜிஏ1700-ல்தான். அதே எச்610, பி660 என்ற பெயரில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. மாடல் பெயரின் கடைசியில் 'டி4' என்று சில நிறுவனங்கள் குறிப்பிடும், சில குறிப்பிடாது. இரண்டு வகை ரேமிலும் 288 பின்கள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள். லேப்டாப் ரேம் நீளத்தில் பாதியாக இருக்கும். விலை குறைகிறதே என்று அதை வாங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறோம்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் 5600ஜி போன்ற பிராசசரை நம்பி ஓட்டப் போகிறீர்கள் என்றால், 16 ஜிபி ஒன்றை விட 8 ஜிபி இரண்டு மேல். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். டிடிஆர்4-3200 ரேம் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி வரை தரும். இரண்டை இரண்டு சேனலில் போட்டால் 51.2. நான்கு இடமுள்ள போர்டில் பக்கத்துப் பக்கத்தில் செருகாமல், பொதுவாகப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். போர்டின் கையேட்டில் படம் இருக்கும்.

2025-ன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு மையங்கள் சிப்புகளை வாரிக்கொண்டு போவதுதான் காரணம். ஆகவே பழைய யூடியூப் வீடியோக்களில் சொல்லும் "இந்தப் பணத்துக்கு இந்தக் கணினி" என்ற கணக்கெல்லாம் இப்போது செல்லாது. உறவினர் வீட்டில் ஓடாத டிடிஆர்4 கணினி ஏதாவது கிடந்தால், முதலில் அதன் ரேமைப் பாருங்கள். ரேம் எளிதில் கெடாது. பழையதாக வாங்குவதில் ஒப்பீட்டளவில் பயமில்லாத பொருள் அது. இந்த விலையேற்றத்தில், குறைந்த பணத்தில் வாங்குபவர்களுக்கு டிடிஆர்4 ஏற்கும் ஏஎம்4 அல்லது எல்ஜிஏ1700 போர்டையே நாம் சொல்கிறோம். கையில் பணம் இருந்து, எல்லாமே புதிதாக வாங்கி, சில ஆண்டுகள் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் ஏஎம்5-க்குப் போகலாம். 2027 வரையாவது அந்தச் சாக்கெட்டைத் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது.

எஸ்எஸ்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போர்டில் நேராகச் செருகும் எம்.2 அட்டையில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். போர்டின் எம்.2 இடம் எந்த வகையை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சாட்டா நொடிக்கு 550 எம்பி அளவு, சாதாரண பிசிஐஇ 3.0 என்விஎம்இ 3,500 எம்பி வரை. அன்றாட வேலையில் இந்த வேறுபாட்டைப் பெரிதாக உணர மாட்டீர்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதில்தான் உண்மையான வேறுபாடு. சில போர்டுகளில் எம்.2 இடத்தை நிரப்பினால், சாட்டா இணைப்புகளில் ஒன்றோ இரண்டோ வேலை செய்யாமல் போகும். புதிய எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது என்று பதறுவதற்கு முன், கேபிளை அடுத்த துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்: யாரும் பார்க்காத பெட்டி

நம்மிடம் வரும் பட்டியல்களில் கடைசி வரி எப்போதும் "கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்" என்றுதான் இருக்கும். பிராசசருக்கும் ரேமுக்கும் நாள்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, அத்தனைக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியை இலவசமாக வாங்குகிறோம். அது பழுதாகும்போது தான் மட்டும் போகாமல் போர்டையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போகக்கூடும்.

தம்பியின் எஸ்எம்பிஎஸ் மீது பெரிய எழுத்தில் 450 வாட்ஸ் என்று ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் சிறிய எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கும். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள் என்றோம். 17 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 17-ஆல் பெருக்கினால் 204 வாட்ஸ். இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் எடுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆக, அது நடைமுறையில் 200 வாட்ஸ் பெட்டி. மீதி எண்ணிக்கை நவீனக் கணினி அதிகம் தொடாத 3.3, 5 வோல்ட் வழிகளில் காட்டப்பட்டது. நல்ல 450 வாட்ஸ் பெட்டியில் அந்தக் கட்டம் 35 ஆம்பியருக்குப் பக்கத்தில் இருக்கும், பெருக்கினால் 420.

நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதும் கடினமான கணக்கு அன்று. 65 வாட்ஸ் என்று எழுதியிருக்கும் ஏஎம்4 ரைசன், முழு வேலையில் 88 வரை எடுக்கும். ஐ5-12400 குறுகிய நேரம் 117 வரை ஏறும். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132, ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170. போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு ஓர் 50 வைத்துக்கொள்ளுங்கள். ஐ5-12400-ஐயும் ஆர்டிஎக்ஸ் 3060-ஐயும் சேர்த்தால் 340-க்குள் அடங்கும். அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, நம்பகமான 500 அல்லது 550 வாட்ஸ் பெட்டி போதும். கார்டே இல்லாத கணினிக்கு 400, 450 நிறைய. பெயர் தெரியாத 750-ஐ விட, மூன்று அல்லது ஐந்து ஆண்டு வாரண்டியோடு வரும் 450 மேலானது. '80 பிளஸ்' முத்திரை, இழுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டை வீணாக்காமல் கொடுக்கிறது என்று மட்டுமே சொல்லும். பாதுகாப்புக்கு அது சான்று அன்று. இருந்தாலும் அந்த முத்திரைகூட இல்லாத பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள்.

கேபிள்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். போர்டுக்கு 24 பின். பிராசசருக்கு 4+4 பின். கார்டுக்கு 6 அல்லது 8 பின். கிராபிக்ஸ் கார்டு செருகும் இடம் 75 வாட்ஸ் வரைதான் தரும். அதற்கு மேல் வேண்டும் கார்டுக்குத் தனிக் கேபிள் கட்டாயம். அது இல்லாமல், பழைய ஹார்ட் டிஸ்க் கேபிளிலிருந்து மாற்றி இணைக்கும் மலிவான கன்வெர்ட்டரைப் போட்டால் ஒயர் சூடாகி உருகும் அபாயம் உண்டு. யுபிஎஸ் வாங்குவோர்: 600 விஏ என்பது 600 வாட்ஸ் அன்று, பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். மானிட்டரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேபினெட்டில் அளவுதான் முக்கியம். ஏடிஎக்ஸ் போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244. பெரிய கேபினெட்டில் சிறிய போர்டு உட்காரும், சிறியதில் பெரியது உட்காராது. அலமாரிக்கு மேல் கிடக்கும் நம் கேபினெட் அதற்குச் சாட்சி. கார்டின் நீளமும் விசிறியின் உயரமும் கேபினெட்டின் விவரத்தில் எழுதியிருக்கும்.

கார்டு இப்போதே வேண்டுமா?

பல வீடுகளில் தகராறே இங்கேதான். பிள்ளைக்கு விளையாட்டு ஆசை, தகப்பனாருக்குச் செலவு பயம். வெளிப்படையாகச் சொன்னால், நிரலாக்கம் படிக்கும் முதல், இரண்டாம் ஆண்டு மாணவருக்குக் கார்டு தேவைப்படாது. உள்ளே கிராபிக்ஸ் உள்ள பிராசசரையும் தரமான எஸ்எம்பிஎஸ்ஸையும் இன்று வாங்கிவிட்டால், கார்டை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். கட்டடக்கலை, முப்பரிமாண வடிவமைப்பு, வீடியோ தொழில் என்றால் கதை வேறு. அங்கே கார்டுதான் வேலைக்கருவி.

மலிவுக் கார்டுகளில் ஒரு கண்ணி உண்டு. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி போன்றவை பிசிஐஇ 4.0-ல் நான்கு பாதையை மட்டும் பயன்படுத்துபவை. பி450 போன்ற பிசிஐஇ 3.0 போர்டிலோ, 3.0 மட்டுமே உள்ள 5600ஜி பிராசசரோடோ போட்டால் அந்தப் பாதையும் பாதியாகி, சில வேலைகளில் வேகம் நன்றாகவே குறையும். பொருந்தும், ஓடும், ஆனால் கொடுத்த காசுக்கு ஓடாது. கார்டு போட்ட பிறகு மானிட்டர் கேபிளை போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறோம். சிரிக்க வேண்டாம், இதற்காகவே நம்மை வீட்டுக்கு அழைத்தவர்கள் உண்டு.

வாங்கும்போது

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் உள்ளூர்க் கடையையும் ஆன்லைனையும் ஒப்பிட்டு வாங்குகிறார்கள். எங்கே வாங்கினாலும், பட்டியலை முழுதாக எழுதி முடிக்காமல் முதல் பொருளை வாங்காதீர்கள். தள்ளுபடி என்று மார்ச்சில் பிராசசர், ஜூனில் போர்டு, ஆகஸ்டில் ரேம் என்று வாங்கினால், ஆகஸ்டில் ஓட்டிப் பார்க்கும்போது பிராசசரைத் திருப்பும் நாள் எப்போதோ முடிந்திருக்கும். பணம் சேர்ந்த பிறகு ஒரே வாரத்தில் வாங்கி, அந்த வாரமே பூட்டிப் பாருங்கள். பிசிபார்ட்பிக்கர் என்ற இணையதளத்தில் பட்டியலைப் போட்டால் வெளிப்படையான பொருத்தமின்மைகளைக் காட்டிவிடும். ஆனால் உங்கள் கைக்கு வரும் போர்டில் எந்த பயாஸ் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

பிராசசரைப் பெட்டியோடு வாங்குங்கள். பெட்டி இல்லாமல் தட்டில் வருவதை 'ட்ரே' என்பார்கள். விலை குறையும், ஆனால் நிறுவனத்தின் மூன்றாண்டு வாரண்டி நேரடியாக உங்களுக்குக் கிடைக்காது, கடைக்காரர் தரும் வாக்குதான். 18 விழுக்காடு ஜிஎஸ்டியைத் தவிர்க்க "பில் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பிறகு வாரண்டிக்கு அலைபவர்களையும் பார்க்கிறோம். பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். தவணையில் வாங்குவோர், 'நோ காஸ்ட்' என்று எழுதியிருந்தாலும் வங்கியின் விவரத்தைத் திறந்து பாருங்கள். பலவற்றில் வட்டியைப் போட்டு அதே தொகையைத் தள்ளுபடியாகக் காட்டியிருப்பார்கள். வட்டியிலிருந்து விலகி நிற்க நினைக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். கடைக்காரர் இலவசமாக ஏற்றித் தரும் விண்டோஸும் பெரும்பாலும் உரிமம் இல்லாததுதான். அடுத்தவர் உழைப்பை விலை கொடுக்காமல் எடுப்பது நமக்கு ஆகுமானதன்று. உரிமத்துக்கும் பட்டியலில் ஒரு வரி ஒதுக்குங்கள். முடியாதென்றால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம், கணினி அறிவியல் மாணவருக்கு அது கூடுதல் பயிற்சியும்கூட.

பாயின் கணினிக்கு வருவோம். மதரஸா கணினி ஒன்றிலிருந்து ரைசன் 3 2200ஜி பிராசசரை நிர்வாகத்திடம் கேட்டு ஓர் இரவுக்கு வாங்கினோம். பி450 போர்டோடு தொடக்கத்திலிருந்தே ஓடுவது அது; கிராபிக்ஸும் உள்ளேயே உண்டு. போட்டதும் திரை எரிந்தது. பையன் முகத்தில் அப்போதுதான் இரத்தம் வந்தது. நடுவில் மின்சாரம் போனால் போர்டே போய்விடும் என்பதால் யுபிஎஸ்ஸில் இணைத்து, நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய புதிய பயாஸை ஏற்றினோம். பிறகு 5600-ஐயும், அலுவலகக் கணினியின் பழைய கார்டையும் போட்டுப் பார்த்தோம். ஓடியது. பிராசசர் கெடவில்லை என்று உறுதியானது. மதரஸாவின் பொருளை நாமாக யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாதாகையால், கார்டையும் 2200ஜி-யையும் அவற்றின் இடத்திலேயே பூட்டிவிட்டோம்.

5600-ஐ பில்லோடும் பெட்டியோடும், கார்டு வைத்திருந்த வேறொரு மாணவர் வாங்கிக்கொண்டார். 5600ஜி வாங்கியதில் கைவிட்டுப் போனது 1,800 ரூபாய். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியதில் இன்னும் கொஞ்சம். இப்போது அந்தக் கணினி ஒற்றை ரேமோடு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது 8 ஜிபிக்கு விலை இறங்கட்டும் என்று தம்பி காத்திருக்கிறார்.